நடுவிலிருந்து விரியும் பின்னல் சதுரம்: கோணல் எங்கே, சரிசெய்வது எப்படி

குமரி மாவட்டத்துக் கைகளுக்கு நூல் வேலை புதிதல்ல. 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸும் குரோஷேயும் எம்பிராய்டரியும் இங்கே பல தலைமுறைகளாக வீட்டுத் திண்ணைகளில் நடக்கின்றன. கம்பளிப் பின்னலுக்கு மட்டும் வெயில் ஊரில் அவ்வளவு வேலை இருக்கவில்லை. இப்போது அதுவும் வந்துவிட்டது. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து மார்கழி விடியலுக்கும், ஏசி அறைக்கும், வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்கு அனுப்பவும் சதுரம் சதுரமாகப் பின்னி இணைக்கும் ஆப்கான் போர்வையைப் பலரும் எடுத்திருக்கிறார்கள்.

சதுரத்தை ஓரத்திலிருந்து பின்னுவதைவிட நடுவிலிருந்து வெளியே பின்னுவது நல்ல முறை. அளவு போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தலாம், நான்கு பக்கமும் ஒரே மாதிரி அமையும். ஆனால் பிழை வந்தால் அது நான்கு பக்கமும் சேர்ந்தே வரும். கிண்ணமாகக் குழியும், அலையாக நெளியும், காற்றாடி போலத் திருகும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, அதைக் கண்ணாலும் ஸ்கேலாலும் கண்டுபிடித்துவிடலாம்.

அடிப்படைச் சதுரம்

கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இந்தச் சதுரத்தை வைத்துத்தான். நடுத்தரக் கனமுள்ள அக்ரிலிக் நூல், 5 மி.மீ. இருமுனை ஊசிகள் ஐந்து. 8 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றி, நான்கு ஊசிகளில் ஊசிக்கு 2 வீதம் பிரித்து, ஐந்தாவது ஊசியால் வட்டமாகப் பின்ன வேண்டும். முதல் சுற்று முழுக்கப் பர்ல், அதாவது நூலை ஊசிக்கு முன்னால் வைத்துப் பின்னுவது. அடுத்தது கூட்டும் சுற்று: ஒவ்வொரு ஊசியிலும் முதல் கண்ணியை நிட் செய்யவும் (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் பின்னுவது), இதுதான் மூலைக் கண்ணி. உடனே ஒரு நூலேற்று, அதாவது நூலை முன்னால் கொண்டுவந்து ஊசிமேல் போட்டுப் புதுக் கண்ணி உண்டாக்குவது. ஊசி முடியும்வரை நிட். கடைசியில் இன்னொரு நூலேற்று. இப்படி நான்கு ஊசியிலும் செய்தால் சுற்றுக்கு 8 கண்ணி கூடும். அதற்கடுத்த சுற்று முழுக்கப் பர்ல். இந்த இரண்டு சுற்றையும் மாறி மாறிப் பின்ன வேண்டியதுதான்.

நிட் ஒரு சுற்று, பர்ல் ஒரு சுற்று என்று போனால் வயல் வரப்பு போல மேடு மேடாக எழும். இதைத்தான் கார்ட்டர் என்கிறோம். இரண்டு சுற்றுக்கு ஒரு வரப்பு. 17 முறை கூட்டி முடித்தால் ஊசிக்கு 36 கண்ணி, மொத்தம் 144 கண்ணி, நடுவிலிருந்து விளிம்புவரை 18 வரப்பு இருக்கும். 10 செ.மீ.க்கு 18 கண்ணி விழுகிற கை என்றால் சதுரம் 20 செ.மீ. வரும்.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கத்துக் கண்ணி எண்ணிக்கை, வரப்பு எண்ணிக்கைக்குச் சரியாக இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 10 வரப்பு என்றால் 20 கண்ணி. இது தவறினால் எங்கோ ஒரு கூட்டும் சுற்று விடுபட்டிருக்கும், அல்லது இரண்டு முறை வந்திருக்கும். ஒவ்வொரு ஐந்து வரப்புக்கும் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் பிரிக்க வேண்டியது அதிகபட்சம் பத்துச் சுற்றுதான்.

சதுரம் கிண்ணமாகக் குழிகிறது

அதிகம் கேட்கப்படும் குறை இது. அதிகம் தவறாகத் திருத்தப்படுவதும் இதுதான். பலர் முழுவதையும் பிரித்துவிட்டுப் பெரிய ஊசியில் மறுபடி தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அதனால் பயனில்லை.

முதலில் அது உண்மையான குழிவுதானா என்று பாருங்கள். 80 செ.மீ. சுற்றளவுள்ள பின்னல் 40 செ.மீ. சர்க்குலர் ஊசியில் (இரு முனைகளை வயர் இணைக்கும் ஊசி) நெருக்கிக்கொண்டு இருந்தால் எந்தச் சதுரமும் பை போலத்தான் தொங்கும். முனை மழுங்கிய ஊசியில் வேறு நிற நூலைக் கோத்து, எல்லாக் கண்ணிகளையும் அதற்கு மாற்றி, மேசையில் விரித்துப் பாருங்கள். தட்டையாகப் படுத்தால் பின்னலில் குறையில்லை. கண்ணிகளை ஊசிக்கு மாற்றித் தொடரலாம்.

நூலில் மாற்றிய பிறகும் நடு மேலெழுந்து நின்றால் கண்ணி போதவில்லை என்று பொருள். ஏன் போதவில்லை என்பதை அறிய ஓர் அளவு எடுக்க வேண்டும். பின்னலின் ஒரு பக்கத்து முக்கோணத்தில், 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இடம் போதாவிட்டால் 5 செ.மீ.க்கு எண்ணி இரட்டிக்கலாம். கண்ணி எண்ணைச் சுற்று எண்ணால் வகுங்கள். வரும் பின்னம்தான் மொத்தச் சுற்றுகளில் எத்தனை பங்கு கூட்டும் சுற்றாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

கார்ட்டரில் 18 கண்ணி, 36 சுற்று. 18 வகுத்தல் 36, அரை. ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒன்று கூட்டினால் சரி. அடிப்படைச் சதுரம் தட்டையாக வருவதற்குக் காரணமே இதுதான். இப்போது அதே வழிமுறையை வைத்துக்கொண்டு, பர்ல் சுற்றுக்குப் பதில் எல்லாச் சுற்றும் நிட் செய்து வழவழப்பான ஸ்டாக்கிங் பின்னலாக மாற்றினால் என்ன ஆகும்? அதில் வரப்பு இல்லாததால் ஒவ்வொரு சுற்றும் உயரமாக இருக்கும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 சுற்று என்று வைத்தால் 20 வகுத்தல் 28, அதாவது 0.71. அரைப் பங்கு கூட்டினால் போதாது. கிண்ணம் ஆகத்தான் செய்யும். பெரிய ஊசிக்கு மாறினால் கண்ணி அகலமும் உயரமும் சேர்ந்தே வளர்வதால் இந்தப் பின்னம் பெரிதாக மாறாது. ஊசி மாற்றிப் பயனில்லாமல் போவது இதனால்தான்.

ஸ்டாக்கிங் சதுரத்துக்கு மூன்று சுற்றில் இரண்டைக் கூட்டும் சுற்றாக வையுங்கள்: கூட்டு, கூட்டு, வெறும் சுற்று. இது 0.67, மிச்சமிருக்கும் சிறு இழுப்பு ஆவி காட்டும்போது அடங்கிவிடும். நூலேற்று நிறைந்த மெல்லிய பூப்பின்னலுக்கு மட்டும் இரண்டுக்கு ஒன்று என்ற பழைய கணக்கு செல்லும். அதை நனைத்து இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைக்கும்போது அகலம் கூடி உயரம் குறைந்துவிடும். போர்வைக்கான தடித்த நூலில் அந்த இழுப்பு கிடைக்காது.

கார்ட்டரிலேயே குழிகிறது என்றால் மூன்று சாத்தியம். ஒன்று, பர்ல் சுற்று சில இடங்களில் விடுபட்டு நிட்டாகியிருக்கும். வரப்பு தொடராமல் வழவழப்பான பட்டை ஒன்று தெரியும். இரண்டு, கூட்டும் சுற்று விடுபட்டிருக்கும். மேலே சொன்ன இரட்டைக் கணக்கு காட்டிக்கொடுக்கும். மூன்று, உங்கள் கையில் பர்ல் தளர்வாக விழுகிறது. வட்டப் பின்னலில் பலருக்கும் இப்படித்தான். 36 சுற்று வர வேண்டிய இடத்தில் 33தான் வரும். 18 வகுத்தல் 33, அதாவது 11 சுற்றுக்கு 6, 22 சுற்றுக்கு 12. இரண்டுக்கு ஒன்று என்றால் 22 சுற்றுக்கு 11தான் வரும். ஆகவே 22 சுற்றுக்கு ஒருமுறை பர்ல் சுற்றிலும் 8 கண்ணி கூட்டுங்கள். அல்லது பர்ல் சுற்றுகளை மட்டும் அரை மி.மீ. சிறிய ஊசியால் பின்னுங்கள். இரண்டாவது வழி கண்ணுக்கு அழகாக இருக்கும், கணக்கும் மாறாது.

விளிம்பு மட்டும் உள்ளே சுருண்டு நடு தட்டையாக இருந்தால் காரணம் வேறு. அடைப்பு, அதாவது கடைசியில் கண்ணிகளை முடித்து ஊசியிலிருந்து கழற்றுவது, இறுகிவிட்டது. அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

விளிம்பு அலை அலையாக நெளிகிறது

குழிவின் மறுபக்கம். தேவைக்கு மேல் கண்ணி கூடிவிட்டது. கூட்டும் சுற்றை முடித்து வைத்துவிட்டு, மறுநாள் எடுக்கும்போது மறந்து இன்னொரு கூட்டும் சுற்று போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். பின்னலை வைக்கும்போது பர்ல் சுற்றை முடித்தே வைப்பது நல்ல பழக்கம். அப்படியானால் எடுத்ததும் கூட்டும் சுற்றுதான், யோசிக்க வேண்டியதில்லை.

ஸ்டாக்கிங் வழிமுறையில் கார்ட்டர் பின்னினாலும் அலை வரும். நெளிவு தொடங்கும் வரப்புவரை பிரிப்பதுதான் மருந்து. அலையை இஸ்திரியால் அடக்க முடியாது.

நடுவில் ஓட்டை, அல்லது குமிழ்

குரோஷே பழகிய கை 4 சங்கிலி போட்டு வளையமாக்கி அதிலிருந்து கண்ணி எடுக்கும். அந்த வளையம் என்றைக்கும் இறுகாது, ஓட்டை அப்படியே நிற்கும். அதற்குப் பதில் நூலை விரலில் ஒரு வளையமாகச் சுற்றி, குரோஷே ஊசியால் அந்த வளையத்துக்குள்ளிருந்து 8 கண்ணி எடுத்து, இருமுனை ஊசிகளுக்கு மாற்றுங்கள். வால் நூல் 15 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். நான்கைந்து சுற்று பின்னிய பிறகு வாலை இழுத்தால் வளையம் மூடிக்கொள்ளும். முதல் சுற்றிலேயே இழுத்தால் கண்ணிகள் நெருங்கி ஊசி நுழையாது.

ஏற்கனவே 8 கண்ணி சாதாரணமாக ஏற்றிப் பின்னி முடித்த சதுரமா? வாலை ஊசியில் கோத்து, அந்த 8 கண்ணியின் அடிவழியாக வட்டமாக இரண்டு முறை ஓட்டி இழுங்கள். அக்ரிலிக் வழுக்கும். எனவே வாலை இரு இழைக் கூட்டமாகப் பிரித்து, ஒன்றை வலமும் ஒன்றை இடமும் வரப்புக்குள் மறைத்துத் தைத்து முடியுங்கள். முடிச்சு மட்டும் போட்டு வெட்டினால் மூன்றாம் துவைப்பில் நடு திறந்துகொள்ளும்.

நடு குமிழாக நின்றால், கூட்டத் தொடங்குவதற்குமுன் ஒரு சுற்றுக்கு மேல் பின்னியிருப்பீர்கள். கண்ணி ஏற்றியபின் ஒரே ஒரு பர்ல் சுற்று, உடனே கூட்ட வேண்டும். கண்ணிகளைப் பிடிவசம் கொண்டுவர இரண்டு மூன்று சுற்று வெறுமனே பின்னிக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்தச் சுற்றுகள்தான் குழாயாகி மேலே எழுகின்றன. இதற்குப் பிரித்துத் தொடங்குவதைத் தவிர வழியில்லை. நல்லவேளை, ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

மூலைகள்

மூலை கூர்மையாக வராமல் உருண்டிருந்தால் கூட்டும் இடம் நகர்ந்திருக்கும். நூலேற்று மூலைக் கண்ணியை ஒட்டி, அதன் இரு பக்கமும் வர வேண்டும். ஒரு கண்ணி தள்ளி விழுந்தாலும் மூலையின் கோடு கலையும். இதற்குக் காரணம் பெரும்பாலும் மூலையைக் காட்ட மாட்டும் மார்க்கர் வளையம்தான். ஊசியில் தொங்கும் வளையம் நூலேற்றின் அடியில் நழுவி அந்தப் பக்கம் போய்விடும், அது போவது கண்ணில் படாது. வளையத்தை நம்பாமல், மூலைக் கண்ணியிலேயே ஒரு சிறு ஊக்கை மாட்டுங்கள். ஐந்து வரப்புக்கு ஒருமுறை மேலே ஏற்றிக் குத்தினால் போதும். பித்தளை ஊக்கு அல்லது பிளாஸ்டிக் ஊக்காக இருக்கட்டும். கடற்காற்றில் இரும்பு ஊக்கு ஒரு வாரத்தில் நூலில் துருக்கறை விட்டுவிடும்.

மூலையின் இருபுறமும் துளைகள் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால், ஊசி மாறும் இடத்தில் வரும் நூலேற்று தளர்ந்திருக்கும். நம் வழிமுறையில் ஒரு நூலேற்று ஊசியின் கடைசியில் விழுகிறது. அது அடுத்த ஊசியின் முதல் கண்ணியைப் பின்னும்வரை பிடிமானமின்றி இருக்கும். அதை விரலால் பிடித்துக்கொண்டு அடுத்த கண்ணியைப் பின்னுங்கள். மூன்று வரப்பு தாண்டியதும் ஒவ்வொரு ஊசியிலிருந்தும் கடைசி இரண்டு கண்ணியை அடுத்த ஊசிக்கு மாற்றிவிட்டால் மூலை ஊசியின் நடுப்பக்கம் வந்துவிடும். அதன்பின் மூலைக்கு முன்னும் பின்னும் நூலேற்று என்று பின்னிக்கொண்டு போகலாம்.

குழந்தைக்கான போர்வையில் துளையே வேண்டாம். பிஞ்சு விரல் மாட்டும். பர்ல் சுற்றில் ஒவ்வொரு நூலேற்றையும் அதன் பின்கால் (ஊசிக்குப் பின்னால் இருக்கும் இழை) வழியாகப் பர்ல் செய்தால் அது முறுக்கிக்கொண்டு துளை மூடிவிடும். முறுக்கு இரு பக்கமும் ஒரே திசையில் சாயும். கார்ட்டரில் அது தெரியாது.

மூலை முயல் காது போல நீண்டு, பக்கங்கள் உட்குழிந்திருந்தால் பக்கத்து நடுப்பகுதி இறுக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறது, அல்லது மூலைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று கூட்டியிருக்கிறீர்கள். நான்கு ஊசியிலும் தனித்தனியே எண்ணுங்கள். ஒரு ஊசியில் மட்டும் அதிகம் என்றால் சதுரம் சரிவகமாகிவிடும்.

சதுரம் காற்றாடி போலத் திருகுகிறது

மூலைக்கோடுகள் நேராகப் போகாமல் ஒரே பக்கமாக வளைந்தால், கண்ணிகள் மூலையின் ஒரு பக்கத்தில் மட்டுமே கூடுகின்றன. ஊசியின் தொடக்கத்து நூலேற்றை மறந்து, கடைசியில் இரண்டு போட்டு எண்ணிக்கையைச் சமன்செய்யும்போது இப்படி நேரும். எண்ணிக்கை சரியாக இருப்பதால் எண்ணிப் பார்த்தால் பிடிபடாது, கண்ணால்தான் தெரியும். அப்படி ஒன்றிரண்டு சுற்று மட்டும் என்றால் விட்டுவிடலாம். அடுத்த சுற்றிலிருந்து சரியாகப் பின்னினால் கோடு நிமிர்ந்துவிடும்.

எல்லாம் சரியாகப் பின்னியும் ஸ்டாக்கிங் சதுரம் லேசாகச் சாய்கிறதா? அது நூலின் முறுக்கால் வருவது. பந்தை மாற்றிப் பாருங்கள். கார்ட்டரில் நிட்டும் பர்லும் ஒன்றையொன்று சமன்செய்வதால் இந்தத் தொல்லை அரிது.

ஊசி மாறும் இடத்தில் ஏணிக் கோடு

இரு ஊசிகளுக்கு நடுவே நூல் தளர்ந்து, ஏணிப்படி போலக் குறுக்கிழைகள் தெரியும். எல்லோரும் புது ஊசியின் முதல் கண்ணியை இறுக்குகிறார்கள். இரண்டாவது கண்ணியைப் பின்னியபின் இழுங்கள், முதலாவது தானே இறுகும். 72 கண்ணி சேர்ந்ததும், அதாவது 8 முறை கூட்டியபின், 40 செ.மீ. சர்க்குலர் ஊசிக்கு மாறிவிட்டால் ஏணி நின்றுபோகும். அதற்குமுன் மாறினால் கண்ணிகள் வயரைச் சுற்றி எட்டாமல் இழுபடும்.

ஏற்கனவே விழுந்த ஏணியை, குரோஷே ஊசியால் பக்கத்துக் கண்ணிகளிலிருந்து தளர்வை ஒவ்வொன்றாக இழுத்துப் பரப்பிச் சரிசெய்யலாம். பொறுமை வேண்டும், ஆனால் நன்றாகவே மறையும்.

இருமுனை ஊசியே கிடைக்கவில்லை என்றால் நீள ஊசியிலும் இந்தச் சதுரத்தைப் பின்னலாம். வட்டமாக இணைக்காமல், ஒரு மூலைக்கோட்டில் திறந்தபடி போய்வந்து பின்னுங்கள். போய்வரும் பின்னலில் எல்லா வரிசையும் நிட் செய்தாலே கார்ட்டர் வந்துவிடும், பர்லே தேவையில்லை. இரு ஓரத்திலும் தையலுக்கென ஒரு கண்ணி அதிகம் வைத்து, முடிந்ததும் அந்தக் கோட்டைத் தைத்துவிட வேண்டும். பர்ல் தளர்ந்து விழுகிற கைக்கு இது உண்மையிலேயே நல்ல மாற்று.

நிறம் மாற்றும் இடத்தில் புள்ளிப் புள்ளியாகப் பழைய நிறம்

புது நிறத்தைப் பர்ல் சுற்றில் தொடங்கியிருக்கிறீர்கள். பர்ல் மேட்டில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். எப்போதும் கூட்டும் சுற்றில், அதாவது நிட் சுற்றில் மாற்றுங்கள். சுற்று தொடங்கும் இடம் மூலையில் இருந்தால் படி போன்ற சிறு ஏற்றஇறக்கமும் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரே வழிமுறை, வேறு வேறு அளவு

48 சதுரம், ஆறுக்கு எட்டு, 120க்கு 160 செ.மீ. போர்வை. இதை மூன்று நான்கு பேர் பிரித்துப் பின்னும்போது ஒருவர் சதுரம் 17 செ.மீ., இன்னொருவர் சதுரம் 21 செ.மீ. வரும். முதலில் ஊசி எண்ணைப் பாருங்கள். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்தான் பழக்கம்: எண் ஏற ஏற ஊசி மெலியும். நம் 8ஆம் எண் ஊசி 4 மி.மீ., 6ஆம் எண் 5 மி.மீ. அமெரிக்க எண் தலைகீழ்: அங்கே 8 என்றால் 5 மி.மீ., 6 என்றால் 4 மி.மீ. இணையத்தில் அமெரிக்க வழிமுறையைப் பார்த்து 8ஆம் எண் ஊசி கேட்டு வாங்கினால் ஒரு முழு மில்லிமீட்டர் மெலிந்த ஊசி கையில் இருக்கும். எண்ணை விட்டுவிட்டு மி.மீ.யில் பேசுங்கள். இது ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

நூலிலும் இதே கதை. 4 பிளை என்பது எத்தனை இழை முறுக்கியது என்பதைத்தான் சொல்லும். தடிமன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நூலை ஸ்கேலில் நெருக்கமாக, அமுக்காமல் சுற்றிப் பாருங்கள். 2.5 செ.மீ.க்குள் இரண்டு நூல்களும் ஒரே எண்ணிக்கைச் சுற்று கொண்டால் சேர்த்துப் பின்னலாம்.

ஊசியும் நூலும் ஒன்றாக இருந்தும் கை வேறாக இருந்தால், கண்ணி எண்ணிக்கையை மாற்றாதீர்கள், ஊசியை மாற்றுங்கள். இறுக்கமாகப் பின்னுபவர் 5.5, தளர்வாகப் பின்னுபவர் 4.5. எல்லாச் சதுரமும் பக்கத்துக்கு 36 கண்ணியாகவே இருந்தால்தான் இணைக்கும்போது கண்ணிக்குக் கண்ணி சேரும். இரண்டு வரப்பு கூடுதலாகப் போட்டு அளவைச் சமன்செய்தவர்கள் தையலில் படும் பாடு பெரிது.

முதல் சதுரத்தை எடைபோட்டு 48ஆல் பெருக்கி, தையலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து நூலை ஒரே தடவையாக வாங்குங்கள். சாய எண் (எந்தத் தொகுதியில் சாயமிட்டது என்று காட்டும் எண்) மாறினால் அதே நிறமும் போர்வையில் திட்டாகத் தெரியும். ஒரே எண்ணில் போதுமான பந்து கிடைக்காவிட்டால், இரண்டு எண்களையும் போர்வை முழுக்கக் கலந்து பரப்புங்கள். ஓரமாக ஒதுக்கினால் வேறுபாடு எடுப்பாகத் தெரியும்.

அடைத்ததும் விளிம்பு இறுகிவிட்டது

பர்ல் சுற்றை முடித்துவிட்டு, பின்னிய ஊசியைவிட ஒரு அளவு பெரிய ஊசியால், 5.5 அல்லது 6 மி.மீ.யால், நிட் முறையில் அடையுங்கள். மூலைகள் இன்னும் இழுபட்டால், மூலைக் கண்ணிக்கு முன்னும் பின்னும் ஒரு நூலேற்று போட்டு அதையும் கண்ணியாக எண்ணி அடையுங்கள். மூலை படிந்து கூர்மையாகும். அடைப்புக்குச் சுற்றளவின் நான்கு மடங்கு நூல் வேண்டும். 20 செ.மீ. சதுரத்துக்கு 3.2 மீட்டர், தைக்க வால் தனி. பந்து சிறுத்துவிட்டால் கடைசிக் கூட்டும் சுற்றுக்கு முன்பே இதை அளந்து பாருங்கள்.

துவைத்ததும் கெடுகிறது

அக்ரிலிக் சதுரத்தை நனைத்து ஊசிகுத்திக் காயவைத்தால் அப்போதைக்கு நேராகும், பிறகு பழையபடி சுருளும். அதற்கு ஆவி வேண்டும். மடித்த பருத்திப் போர்வைமேல் சதுரத்தை 20 செ.மீ.க்கு இழுத்துக் குத்தி, ஆவி இஸ்திரியை 2 செ.மீ. மேலே பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். இஸ்திரி பட்டால் நூல் உருகி, பளபளத்துத் தொய்ந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆவி காட்டும்போது அடியில் தெர்மாகோல் கூடாது, அதுவும் உருகும். உண்மையான கம்பளிக்கும் பருத்திக்கும் தண்ணீரில் நனைத்துக் குத்துவதே போதும். அப்போது தெர்மாகோல் பலகைமேல் வெள்ளைத் துவர்த்தை (துண்டை) விரித்துக்கொள்ளலாம். குத்துவதற்கு ஸ்டெயின்லெஸ் குண்டூசி மட்டும். நம் கடலோர ஈரத்தில் சாதாரணக் குண்டூசி ஓர் இரவில் துருப்பிடிக்கும்.

பருத்திச் சதுரத்தைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் எடையே அதை நீளமாக்கிவிடும். துவர்த்தில் வைத்துச் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்து, பாயில் படுக்கையாகப் பரப்புங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் மாதத்திலும் ஐப்பசியிலும் பருத்தி காய நெடுநேரம் ஆகும். மின்விசிறியின் கீழ் ஒருமுறை புரட்டிப்போட்டு, வரப்பின் அடியில் விரல் வைத்துக் குளிர்ச்சி இல்லை என்று உறுதி செய்த பிறகே அடுக்குங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் நான்கே நாளில் பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கவலை குறைவு. கொல்லங்கோடு, குளச்சல் போன்ற கரையூர்களில் கூடுதல் கவனம் தேவை.

சிவப்பு, கருநீலம், கரும்பச்சை நூலை வெள்ளையோடு சேர்க்கும்முன் ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூலை இந்தப் போர்வைக்கு எடுக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயத்தை உப்பு நிறுத்தாது.

இணைத்ததும் தையல் சுருங்குகிறது

சதுரங்களைத் தனித்தனியே ஆவி காட்டி ஒரே அளவாக்கிய பிறகே இணைக்க வேண்டும். இணைத்தபின் இழுத்துச் சரிசெய்யலாம் என்று விட்டால் தையல்தான் முதலில் இழுபடும். முதலில் மூலைகளையும் பக்கத்தின் நடுவையும் ஊக்கால் பிடித்து, 36க்கு 36 என்று, ஒவ்வொரு கண்ணியின் வெளிக்காலை மட்டும் எடுத்துத் தையுங்கள். ஐந்து கண்ணிக்கு ஒருமுறை தையலை விரலால் நீவிவிட்டு இழுவை பாருங்கள். பின்னல் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தையலும் நீள வேண்டும்.

குரோஷேயால் இணைப்பவர்கள் வழிமுறையின் ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க சிங்கிள் குரோஷேயும் பிரிட்டிஷ் டபுள் குரோஷேயும் ஒரே தையல்தான். மாற்றிப் புரிந்துகொண்டால் இணைப்பு உயரமாகி, சதுரங்களுக்கு நடுவே வலை போல இடைவெளி விழும்.

நான்கு சதுரங்கள் சந்திக்கும் இடத்தில் ஓட்டை வந்தால், ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியே தைத்துப் போயிருப்பீர்கள். முதலில் எல்லாக் குறுக்குத் தையலையும் போர்வையின் முழு அகலத்துக்கும் நூல் அறுக்காமல் முடித்து, பிறகு நெடுக்குத் தையலைப் போடுங்கள். சந்திப்பு வரும்போது நூலை மூலைவிட்டமாக ஒருமுறை கடத்தி, நான்கு மூலைக் கண்ணியையும் ஒருசேரப் பிடித்து இழுத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும்.